முதற்கதையோடு வருபவருக்கு ஒரு கதிரை

ஏழு பக்கக் கதை. சீ.ஆர். கொப்பியில் இருந்து தாள்களைக் கிழித்து, கிழிந்த ஓரத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, பின் அடித்துக் கொண்டுவந்திருந்தான் அந்தத் தம்பி. நான் அப்போது ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளர். அன்றிரவே உட்கார்ந்து சிவப்புப் பேனையால் திருத்தினேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம், ரகர றகரம், ஒருமை பன்மை, எதையும் விடவில்லை. அடுத்த போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள், எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் அவன் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தான். "நன்றி சேர்" என்றான். பிறகு அவன் அந்தப் பக்கம் வரவேயில்லை.

அவன் கதை எதைப் பற்றியது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு இன்று ஞாபகம் இல்லை. 'வயல்வெளி'யை 'வயழ்வெளி' என்று எழுதியிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் கதை கொண்டுவந்தான், நான் எழுத்துக்கூட்டலை வாசித்தேன்.

பிறகு பத்திரிகை வேலையை விட்டு, நூல்களைச் செவ்விதாக்கம் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டேன். போயா நாளில் வாசிகசாலையில் கூடும் எங்கள் இலக்கிய வட்டம் மட்டும் தொடர்கிறது. இப்போது எழுத வருகிற பிள்ளைகள் பலர். ஆனால் இரண்டாவது கதையோடு வருபவர் குறைவு. இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நம்மூரில் இலக்கிய வட்டம் நடத்துபவர்களும் அதில் போய் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதன்முதல் வருபவர் எல்லாருமே ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "சும்மா எழுதினது, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ." அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் மாதக்கணக்கான இரவுகள் இருக்கும். ரியூசன் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் ஒளித்து எழுதியதாக இருக்கும். "சோதினை வருது, உதென்ன வேலை?" என்ற பேச்சு வாங்கியதாக இருக்கும். அவ்வளவையும் தாண்டித்தான் அந்தப் பிள்ளை படலையைத் திறந்து உள்ளே வருகிறது.

வந்தவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? "எவடம்?" அடுத்தது, "ஆற்றை பிள்ளை?" கேட்பவருக்கு அது வெறும் பழக்கமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது கேட்கப்படுபவருக்குத் தெரியும். ஊர், குறிச்சி, அதற்குப் பிறகு சாதி. இலக்கியத்தில் இதெல்லாம் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. 1960களின் தொடக்கத்தில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்ற எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்ட தங்கள் சனத்தின் வாழ்க்கையை அந்தச் சனத்தின் பேச்சிலேயே எழுதியபோது, 'இழிசனர் வழக்கு' என்று மரபு பேசிய பண்டிதர்கள் ஒதுக்கப் பார்த்தார்கள். கஸ்தூரியார் வீதியில் சலூன் நடத்திய ஜீவா 1966இல் அதே இடத்தில் இருந்துதான் 'மல்லிகை'யைத் தொடங்கினார். அந்த இதழ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. முடிவெட்டும் கதிரைகளுக்கு நடுவே எத்தனை புதியவர்கள் போய் உட்கார்ந்திருப்பார்கள்! அதை நினைக்கும்போதெல்லாம், வாசலில் வைத்து ஊர் விசாரிக்கிற நம் பழக்கம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் இப்போது அந்தக் கேள்வி இல்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன வாசிக்கிறனீர்?" என்று கேட்கிறோம். நேரத்தையும் மாற்றினோம். முன்பு மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவோம், பெண்பிள்ளைகள் பாதியில் எழும்பிப் போவார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்றுகூட ஒருவர் சொன்னார். மூன்று மணிக்கு மாற்றினோம். இருட்டுவதற்கு முன் பஸ் பிடிக்கலாம் என்றானதும் கடைசிவரை இருந்தார்கள்.

கதையை வாசித்த பிறகு என்ன சொல்வது என்பதுதான் மிகக் கடினம். "அருமை, வாழ்த்துகள், தொடர்ந்து எழுதுங்கோ" என்பதை நான் ஊக்குவிப்பாகக் கணக்கெடுப்பதில்லை. கதையை வாசிக்காமலே அதைச் சொல்லலாம், எழுதியவருக்கும் அது விளங்கும். நாங்கள் செய்வது இதுதான். முதலில் ஒருவர் அந்தக் கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்லுவார். எழுதியவர் அதுவரை பேசாமல் இருப்பார். தான் எழுதியதும் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்கே விலகுகின்றன என்று அவருக்கே தெரிந்துவிடும். அடுத்து, எந்த இடத்தில் நின்று மறுபடி வாசித்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்லுவோம். எழுத்துப்பிழையைக் கடைசியில், தனியாக, பென்சிலால் குறித்துக் கொடுப்பேன்.

வடமராட்சியில் இருந்து வந்த ஒரு தங்கச்சியின் முதற்கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். கதையில் ஒரு தாய். காணாமல் போன கணவனின் லுமாலா சைக்கிள் கொட்டிலுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாய் அதன் சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறாள். கடைசிப் பந்தியில், அவள் ஏன் அப்படிச் செய்கிறாள், அவள் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அரைப்பக்கத்துக்கு விளக்கம் இருந்தது. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஓர் ஐயா மெதுவாகக் கேட்டார்: "கதையிலை வாற தாய் ஏன் பிள்ளை சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விடுறா? அது பிசுக்குப் பிடிக்குமெல்லோ?"

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தார். "அவவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது ஐயா. ஆரும் சொல்லிக் குடுக்கவுமில்லை."

"அப்ப அதை எழுதும்" என்றார் ஐயா.

அடுத்த போயாவுக்கு அந்த அரைப்பக்க விளக்கம் கதையில் இல்லை. அதன் இடத்தில் பிசுக்குப் பிடித்து இறுகிப்போன ஒரு சங்கிலி இருந்தது.

அந்த ஐயா "கதையிலை வாற தாய்" என்றுதான் சொன்னார், "உம்மடை அம்மா" என்று சொல்லவில்லை. 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எழுதும் இடம் இது. கதையைக் கேட்டவுடன் "உண்மையாய் நடந்ததோ?" என்று கேட்பது, எழுதியவரைக் கதாசிரியர் என்ற கதிரையில் இருந்து எழுப்பிச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாகும். விரும்பினால் அவரே சொல்லட்டும். வாசிக்கும்போது குரல் உடைந்தால் நிறுத்தலாம், மிச்சத்தை வேறொருவர் வாசிக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லி வைக்கிறோம். எழுதத் தொடங்கிய பிறகு நித்திரை இல்லை, பழையதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒருவர் சொன்னால், அதற்கு இலக்கிய வட்டம் மருந்தாகாது. நான் செவ்விதாக்கம் செய்பவன், உளவளத்துணையாளன் அல்லன். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூடவே போய் வரலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். அந்த இலக்கத்தை வாசிகசாலைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கதையைக் களவெடுத்துவிடுவார்களோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது செல்லும். ஆனாலும் சட்டத்தை நம்பி மட்டும் இருக்காமல், ஒருவர் வாசித்த கதையை அவர் சம்மதம் இல்லாமல் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடக்கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம்.

இன்னுமொன்று, என் மேசைக்கு அடிக்கடி வருவது. நாலு கதை எழுதியவுடன் "புத்தகமாய்ப் போடுங்கோ" என்று உசுப்பேற்றுபவர்கள் இருக்கிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். பிள்ளை கடன்பட்டு அச்சடிக்கும். மங்கல விளக்கு, வெளியீட்டுரை, நயவுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, ஏற்புரை எல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். மிஞ்சிய பார்சல்கள் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே அடுத்த கதை எழுதுவது லேசான காரியமல்ல. அல்வாயில் இருந்து 2007 முதல் வரும் 'ஜீவநதி' போன்ற இதழ்களுக்கு முதலில் அனுப்பச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்து இளைஞர்கள் 1943இல் ஒன்றுகூடினார்கள், அவர்களின் 'மறுமலர்ச்சி' இதழ் 1946இல்தான் வந்தது. கூடி இருப்பதற்கென்றே அவர்களுக்கும் சில ஆண்டுகள் இருந்தன.

அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. கனடாவோ, கிளிநொச்சியோ. தம்பி, இது உன் கண்ணில் பட்டால், அந்த ஏழு தாள்களையும் நீ இன்னும் வைத்திருந்தால், கொண்டு வா. போயா நாள், பின்னேரம் மூன்று மணி, அதே வாசிகசாலை. நான் வாசிக்கவேயில்லை அதை.