மூலையில் முளை இல்லை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அறை ஒன்று 10 அடிக்கு 12 அடி. நீளச் சுவரை ஒட்டிய கடைசி வரிசை டைல்ஸ், வாசல் பக்கம் இரண்டரை அங்குல அகலத்தில் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, ஜன்னலுக்கடியில் ஒன்றுமில்லாமல் முடிகிறது. பார்க்கிறவர்கள் டைல்ஸ் போட்டவரைத்தான் குறை சொல்வார்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்ட நூல் கட்டிய அன்றைக்கே காரியம் கெட்டுவிட்டது.

முக்கூடல் பக்கம் மச்சான் வீடு கட்ட ஆரம்பித்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. நூல் கட்டுவதற்காகக் கொத்தனார் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். மூலை வரவேண்டிய இடத்தில் அடிக்காமல், இரண்டு மூன்று அடி தள்ளித் தள்ளி அடித்தார். நாலு மூலைக்கு எட்டு முளை.

"மூலையிலேயே அடிச்சிரலாமே?" என்றேன்.

"வானம் தோண்டும்போது மூலையும் சேந்து போயிரும்லா அண்ணாச்சி! மொளையப் பாக்காதிய. ரெண்டு நூலும் எங்க குறுக்க விழுதுன்னு பாருங்க, அதுதான் மூலை."

எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் வெறும் காற்று. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். வடிவியலில் புள்ளி என்று சொல்வது இதைத்தான்.

நோட்டில் பென்சிலால் வைக்கிறோமே, அது புள்ளி அல்ல. புள்ளி இருக்கும் இடத்துக்கு ஓர் அடையாளம். முளையின் தலை இரண்டங்குலம் இருக்கும். அதில் எங்கிருந்து அளப்பது? அதனால் தலையில் ஓர் ஆணி அடிக்கிறார்கள். ஆணிக்கும் தடிமன் உண்டே, நூல் அதன் இடப்பக்கம் போகவேண்டுமா வலப்பக்கமா என்று கொத்தனாரும் கையாளும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். இப்படியே குறுக்கிக்கொண்டு போய், இனிக் குறுக்க ஒன்றுமில்லை என்கிறபோது மிஞ்சுகிற இடம்தான் புள்ளி. நீளம், அகலம், உயரம் எதுவும் அதற்குக் கிடையாது.

கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த யூக்ளிட், 'பகுதி இல்லாதது புள்ளி', 'அகலமில்லாத நீளம் கோடு' என்று எழுதிவைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பகுதி என்றால் என்ன, அகலம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் மாட்டிக்கொள்வோம். ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல், அதை விளக்க மறுபடி முதல் சொல். 1899இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட் இந்த வம்பே வேண்டாம் என்று விட்டுவிட்டார். புள்ளி, கோடு, தளம் மூன்றுக்கும் அவர் வரையறையே தரவில்லை. அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் விதிகளாக வைத்தார். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் வழியே ஒரே ஒரு தளம்தான் போகும். இப்படிச் சில.

கொத்தனார் முதல் விதியை நம்பித்தான் பிழைக்கிறார்: இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலுக்கு வேறு வழி கிடையாது. இரண்டாவது விதியை அறிந்தவர்கள் அடுப்புக்கு மூன்று கல் வைத்தவர்கள். மூன்று கல் எப்போதும் ஒரே தளத்தில் உட்காரும், பானை ஆடாது. நாலு கால் பிளாஸ்டிக் நாற்காலியை மேடுபள்ளமான முற்றத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே நிற்கும் நூல், கறாராகச் சொன்னால், கோட்டுத்துண்டு. அதற்கு இரண்டு முனை உண்டு, அளக்க ஒரு நீளம் உண்டு. ஒரு முனை மட்டும் இருந்து மறுபக்கம் முடிவில்லாமல் போனால் கதிர். இரண்டு பக்கமும் முடிவே இல்லை என்றால்தான் கோடு. முக்கூடல் மனையிலிருந்து அந்த நூலை அப்படியே நீட்டினால் வயலைத் தாண்டும், தாமிரபரணியைத் தாண்டும்; அப்புறம் பூமி வளைந்து கீழே போக, கோடு வளையாமல் வானத்துக்குள் போய்விடும்.

சரி, என் டைல்ஸுக்கு வருகிறேன். ஒரே முனையிலிருந்து கிளம்பும் இரண்டு கதிர்களுக்கு இடையிலான திருப்பம் கோணம். கதிர் எவ்வளவு நீண்டாலும் திருப்பம் மாறாது: பணகுடிக் காற்றாலையில் இறக்கை குட்டையோ நெட்டையோ, இரண்டுக்கு நடுவே 120 டிகிரிதான். ஆனால் நுனிக்கு நுனி உள்ள இடைவெளி நீளத்தோடு கூடிக்கொண்டே போகும். வில்லங்கம் இங்கேதான். செங்கோணம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் L வடிவ மூலைமட்டத்தின் கை ஒரு அடி என்றால், 1 டிகிரி பிசகு அதில் கால் அங்குலம்கூட வராது. 12 அடிச் சுவரில் அதே பிசகு இரண்டரை அங்குலம். 32 அடிச் சுவரில் ஆறரைக்கு மேல்.

ஆகவே விவரமான கொத்தனார் மூலைமட்டத்தோடு நிறுத்துவதில்லை. ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். 3இன் வர்க்கம் 9ம் 4இன் வர்க்கம் 16ம் சேர்ந்து 5இன் வர்க்கமான 25 ஆவதால், வந்தால் அது செங்கோணம். மச்சான் வீடு 24 அடிக்கு 32 அடி. அதாவது அதே 3, 4 எட்டு மடங்கு. மூலைவிட்டம் 40 அடி வரவேண்டும். டேப்பைக் குறுக்கே பிடித்தபோது முதலில் வரவில்லை. முளையை ஒரு விரல்கடை நகர்த்திய பிறகு இரண்டு மூலைவிட்டமும் சரியாக வந்தது. மூலைவிட்டம் சமமாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு பக்கம் குறுகிய இருசமபக்கச் சரிவகத்திலும் சமமாகத்தான் இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களும் சமமானால், நாலு மூலையும் செங்கோணமாவதைத் தவிர வேறு வழியில்லை.

வீடு திரும்பியதும் அந்த அறையில் டேப்பைக் குறுக்கே பிடித்தேன். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீளம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1 டிகிரி.

சுவர் செங்குத்தாக எழுகிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு நூல்கள் இணைகோடுகள் என்று நினைப்போம். எல்லாம் பூமியின் நடுவை நோக்கித் தொங்குவதால் அவை சரியாக இணையாக இருக்க முடியாது. 111 கிலோமீட்டருக்கு 1 டிகிரி சாயும். நெல்லையப்பர் கோயிலில் ஒரு குண்டும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு குண்டும் தொங்கவிட்டால், இரண்டு நூலுக்கும் இடையே 1 டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். மதுரை வரை போய்ச் சேரவேண்டிய சாய்வை எங்கள் வீட்டில் ஓர் அறைக்குள்ளேயே முடித்துவிட்டார்கள். அந்த வரிசையை மறைத்து இப்போது ஒரு பீரோ நிற்கிறது.