ரேப்பர்: தமிழில் எப்படிச் சொல்வது?

வார இதழ் அலுவலகங்களில் 'ரேப்பர்' என்றால் இதழின் அட்டை. சிலர் 'ராப்பர்' என்பார்கள். முன்னட்டை, அதன் உள்பக்கம், பின்னட்டையின் உள்பக்கம், பின்னட்டை என்று நான்கு பக்கங்களும் சேர்ந்த ஒரே தாளுக்குத்தான் இந்தப் பெயர். முகப்பில் இருக்கும் படத்தை மட்டும் இது குறிக்காது.

சுற்றுதல் என்ற பொருளுடைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல் இது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாதாமாதம் பகுதி பகுதியாக வந்த நாவல்களைச் சுற்றி மெல்லிய வண்ணத் தாள் ஒன்று இருக்கும். பைண்டு செய்யும்போது அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இங்கும் அதே கதிதான். 1950-இல் கல்கியில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்துவைத்த வீடுகள் ஏராளம். மணியம் வரைந்த உள்படங்கள் அந்தத் தொகுப்புகளில் தப்பின, இதழ் அட்டைகள் தப்பவில்லை. தமிழ் இதழ் வரலாற்றுக்கு இது பெரிய இழப்பு.

உள்பக்கங்கள் மெல்லிய தாளில் ஓட, அட்டை மட்டும் கனமான ஆர்ட் பேப்பரில் தனியாக, பெரும்பாலும் முன்கூட்டியே அச்சாகிவிடும். அதனால் கடைசி நேரத்தில் ஒரு கட்டுரையைத் தூக்கினால், அட்டையில் அதன் தலைப்பு மட்டும் நிற்கும்.

இதழின் பெயர் ஏன் எப்போதும் உச்சியில்? பெட்டிக்கடையில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். கண்ணில் படுவது மேல்பகுதிதான். மாலி வரைந்த விகடன் தாத்தா முகம் தூரத்திலிருந்தே ஆனந்த விகடனைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். நடிகையின் கூந்தலைப் பெயரின்மேல் ஏற்றி வடிவமைப்பதும் பழைய வழக்கம். எழுத்தின் உடல் கொஞ்சம் மறைந்தால் பரவாயில்லை. புள்ளி மறையக் கூடாது. மறைந்தால் 'குமுதம்' 'குமுதம' ஆகிவிடும்.

கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மை சற்றுப் பரவினாலே சின்ன எழுத்தின் புள்ளி அடைபடும், 'ி' 'ீ' சுழிகள் ஒன்றுபோலத் தெரியும். தடித்த எழுத்துருவும் தாராளமான வரி இடைவெளியும் வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் 'கு', 'ரு' கால்கள் கீழ்வரியின் 'கீ' சுழியில் முட்டும். அட்டையின் படமும், தாளை வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு கொஞ்சம் நகர்ந்ததும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும்.

தமிழில்? 'அட்டைப்படம்' பொருந்தாது, அது படத்துக்கு மட்டும் உரியது. 'உறை' மிட்டாய்க்கும் சோப்புக்கும் சரி, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தின்மேல் கழற்றும்படி போர்த்தும் தாளுக்கு 'மேலுறை' சரி. உள்தாள்களோடு சேர்த்துக் கம்பிப் பின் அடிக்கப்படும் இதழ் ரேப்பருக்கு 'அட்டை' என்பதே போதும். தெலுங்கிலும் 'அட்ட' என்றுதான் சொல்கிறார்கள். முதல் பக்கத்தை மட்டும் பிரித்துச் சொல்ல 'முகப்பு' இருக்கிறது.

அச்சகத்துக்கு எழுதும்போது '68 பக்கம்' என்று மொத்தமாகப் போட்டால், அட்டையும் உள்தாளிலேயே ஓடிவிட இடமுண்டு. '64 + அட்டை 4' என்று எழுதி, இரண்டுக்கும் தாளின் ஜிஎஸ்எம் அளவை (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.