உடலில் செம்பு மிஞ்சும்போது செம்புப் புரதம் குறைவது ஏன்?

பதினைந்து வயதில் கையெழுத்து கோணலாகிறது, பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது என்றால் நரம்பியல் மருத்துவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ‘செருலோபிளாஸ்மின்’ பெரும்பாலும் இருக்கும். அவர் சந்தேகிப்பது வில்சன் நோயை. 1912இல் லண்டனில் கின்னியர் வில்சன் விவரித்த இந்தப் பரம்பரை நோயில், கல்லீரலிலும் மூளையிலும் செம்பு சேர்ந்துகொண்டே போகும்.

செருலோபிளாஸ்மின் நீல நிறப் புரதம். ரத்தத்தில் ஓடும் செம்பில் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது. அப்படியானால் செம்பு மிஞ்சியவருக்கு இது ஏறத்தானே வேண்டும்? இறங்குகிறது!

காரணம் கல்லீரலில் இருக்கிறது. அங்குள்ள செல்களில் ஏடிபி7பி என்ற புரதத்துக்கு இரண்டு வேலைகள்: புதிதாக உருவாகும் செருலோபிளாஸ்மினில் செம்பை ஏற்றுவது, மிஞ்சிய செம்பைப் பித்தநீரில் தள்ளுவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துவிட்டால் இரண்டு வேலையும் கெடும். கல்லீரல் அப்போதும் செருலோபிளாஸ்மினைத் தயாரிக்கத்தான் செய்கிறது, ஆனால் செம்பில்லாமல். செம்பு ஏறிய புரதம் ரத்தத்தில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வெற்றுப் புரதமோ சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். வெளியேற வழியில்லாத செம்பு கல்லீரலை நிரப்பி, வழிந்து, மூளைக்கும் கண்ணின் கருவிழி ஓரத்துக்கும் போய்ப் படிகிறது. அங்கே தெரியும் பழுப்பு வளையம்தான் கைசர்-ஃபிளைஷர் வளையம்.

ஆக, புரதக் குறைவு நோயின் காரணமல்ல, அதன் தடயம் மட்டுமே. பிறவியிலேயே செருலோபிளாஸ்மின் சுரக்காதவர்களும் உண்டு. அவர்கள் உடலில் சேர்வது செம்பு அல்ல, இரும்பு!

பெரியவர்களுக்கு ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 10க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. உடலில் அழற்சி இருந்தாலோ, கர்ப்பகாலத்திலோ, கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ இது ஏறும். நோயாளிக்கும் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரலாம். பச்சிளங்குழந்தைகளுக்கோ இயல்பாகவே குறைவு. அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, கண் பரிசோதனை, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஒருவருக்கு நோய் உறுதியானால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களையும் சோதிக்க வேண்டும். செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன், குடலில் அது உறிஞ்சப்படாமல் தடுக்கும் துத்தநாகம் எனப் பலன் தரும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் செயலிழந்திருக்கிறது.