உமேபோஷி தின்றால் ஓட்டம் கூடுமா?

ஜப்பானிய மாரத்தான்களில் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் வாழைப்பழத்தோடு, உமே என்ற புளிப்புப் பழத்தை உப்பிலிட்டுக் காயவைத்த உமேபோஷியும் வைக்கிறார்களே, அதில் அவ்வளவு சக்தியா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சக்திக் கணக்கில் அது ஏறக்குறைய பூஜ்யம். 10 கிராம் சதையில் மாவுச்சத்து ஒரு கிராம் தேறினால் அதிகம். நீண்ட ஓட்டத்திலோ மணிக்கு 30 முதல் 60 கிராம் வேண்டும். அதைத் தருவது உமேபோஷியை உள்ளே வைத்துப் பிடிக்கும் ஓனிகிரி சோற்றுருண்டைதான்.

செய்முறை நம் உப்பு நாரத்தங்காய்க்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. வகாயமா மாநிலத்து மினாபே ஊரின் நான்கோ ரகம் பேர்போனது. ஜூனில் மஞ்சளாகப் பழுத்த உமேயுடன் அதன் எடையில் 18-20 சதவீத உப்பைச் சேர்த்து, மேலே கனம் ஏற்றுவார்கள். சில நாளில் சாறு ஏறிப் பழங்களை மூட வேண்டும். மூடாமல் வெளியே நிற்கும் பழத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். பிறகு சிவப்பு ஷிசோ இலை, கோடையில் மூன்று நாள் வெயில்.

ஆக, 10 கிராம் சதையில் உப்பு 2 கிராம், அதாவது சோடியம் சுமார் 800 மில்லிகிராம். பலருக்கு ஒரு லிட்டர் வியர்வையில் போவது ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆனால் சுவாரசியம் உப்பில் இல்லை, புளிப்பில். 2010-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. உடம்பில் லேசாக நீர் வற்றியவர்களின் கணுக்கால் நரம்பில் மின்துடிப்பு கொடுத்து, கால் கட்டைவிரலை மடக்கும் தசையில் பிடிப்பை வரவழைத்தார்கள். வெள்ளரி ஊறுகாய்ச் சாற்றை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் குடித்தபோது, வெறும் தண்ணீர் குடித்தபோதைவிடச் சராசரியாக 49 நொடி முன்னதாகப் பிடிப்பு விட்டது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் ரத்தத்தின் உப்பில் மாற்றமில்லை. சாறு இரைப்பையைத் தாண்டக்கூட நேரமிருந்திருக்காது. அப்படியானால் வேலை நடந்தது தொண்டையில். அங்குள்ள நரம்பு முனைகளைக் கடும்புளிப்பு உசுப்ப, அந்தச் சேதி மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கி, தசையை ஓயாமல் ஏவிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களை அடக்குகிறது என்பதே இன்றைய விளக்கம். உமேபோஷியின் சிட்ரிக் அமிலமும் இதே கதவைத் தட்டலாம். தட்டுகிறதா என்று பார்க்கப் பெரிய செலவாகாது. ஆனால் காப்புரிமை வாங்க முடியாத பண்டத்துக்கு யார் பணம் போடுவார்கள்?

சிட்ரிக் அமிலம் லாக்டிக் அமிலத்தைக் கரைத்துக் களைப்பைப் போக்கும் என்பது வெறும் விளம்பரப் பேச்சு. உடம்பில் அந்த அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட் இதயமே எரித்துக்கொள்ளும் எரிபொருள். ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும்.

தின்பவர்கள் முதல்நாளே கொட்டையை எடுத்துவிடுங்கள். மூச்சிரைக்கும்போது தொண்டையில் சிக்கும். தண்ணீரில்லாமல் தின்றால் குடலிலுள்ள அடர்ந்த உப்பு உடம்பின் நீரையே உள்ளே இழுத்து வயிற்றைப் பிரட்டும். ஒரு உமேபோஷிக்கு அரை லிட்டர் தண்ணீராவது சிறுகச் சிறுகக் குடியுங்கள். தேனில் ஊறியவற்றில் உப்பு 8 சதவீதமோ அதற்கும் குறைவோ இருக்கும் என்பதால், லேபிளைப் பார்த்தே கணக்குப் போடுங்கள். ரத்த அழுத்தக்காரர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். தாகத்துக்கு மீறித் தண்ணீரைக் குடித்துத் தள்ளுபவருக்கு ரத்த சோடியம் இறங்கும் அபாயம் எத்தனை உமேபோஷி தின்றாலும் போகாது.