பாட்டுப் பட்டியலை எழுதுவது யார்?

அல்சூரிலிருந்து ஒரு அம்மா வாரம் தவறாமல் எங்கள் எஃப்எம் ஸ்டேஷனுக்குப் போன் செய்வார். "ஒரே ஒரு இளையராஜா பாட்டு தம்பி. கேஸ் சிலிண்டரா கேக்கறேன்?"

பெங்களூருவில் பாட்டு அடுக்குவதுதான் என் வேலை. ஆர்ஜே தன் இஷ்டத்துக்குப் போடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மணி நேரமும் கட்டம் கட்டமாக இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த ரகம் என்பது முன்பே முடிவாகிவிடும். பாட்டின் பத்து நொடித் துண்டைப் போனில் ஓட்டி நேயர்களிடம் கேட்போம். "தெரியலையே" என்று நிறையப் பேர் சொன்னால் பாட்டு வெளியே. நல்ல பாட்டா என்பது கேள்வியே இல்லை.

சரி, அரசு இதைக் கட்டுப்படுத்தலாமே? அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது; ஒரே நிறுவனம் ஒரு நகரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் சேனல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் பழசா புதுசா, சினிமாவா சங்கீதமா என்பதில் உரிமம் தலையிடுவதில்லை.

பிரான்சில் தலையிட்டார்கள். 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டு என்று 1994-ல் சட்டம். ஸ்டேஷன்கள் சில ஹிட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போட்டுக் கணக்கை முடித்தன. நானும் அதைத்தான் செய்திருப்பேன். 2016-ல் அதற்கும் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

எனக்கு உறுத்துவது கட்டணம். அரசின் 2011 எஃப்எம் கொள்கையின்படி ஆண்டுக் கட்டணம் மொத்த வருவாயில் 4 சதவீதம் அல்லது ஏலத்தில் முடிவாகும் நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. நேயர் கூட்டம் குறைந்தாலும் இரண்டாவது கணக்கு குறையாது. ஏலத்தில் கோடிகள் போட்டவர் பழைய தமிழ்ப் பாட்டை நம்பி உட்கார்வாரா? எல்லாரும் ஒரே கூட்டத்தைத்தான் துரத்துவார்கள். கன்னட ஊரில் கன்னடம் முந்துவது நியாயம். அதில் எனக்குக் குறையில்லை. மிச்சமிருக்கும் கட்டங்களிலாவது ரகம் வேண்டும் என்றால், பாட்டுப் பட்டியலை அதிகாரி கையில் கொடுக்காமல், சிறு கூட்டத்துக்கு நடத்துகிறவருக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றி ஆலோசனைத் தாள் வெளியிட்டால் யாரும் கருத்து அனுப்பலாம். பெரும்பாலும் முதலாளிகள்தான் அனுப்புகிறார்கள்.

போன மாதம் ஞாயிறு இரவு பத்தரைக்கு ஒரு தமிழ்க் கட்டம் கிடைத்தது. உடனே அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"பத்தரைக்கா? ஒன்பதுக்கே தூங்கிடுவேனே தம்பி."