இடுப்பை என்னிடம் விட்டுவிடுங்கள்

ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஜீன்ஸ் எட்டே மாதத்தில் கவட்டில் கிழிந்துவிட்டது என்றும், துணி மட்டமானது என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கடைக்காரரிடம் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும் சொல்லிக்கொண்டே, சென்ற வாரம் ஓர் இளைஞர் என் வெட்டு மேசைமீது ஒரு பையை வைத்தார். அந்த மாதத்தில் அதே இடத்தில் கிழிந்து என்னிடம் வந்த ஐந்தாவது ஜீன்ஸ் அது. உள்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல துணி, நல்ல தையல்; பாக்கெட் முனைகளில் பலத்துக்காக நெருக்கமாகப் போட்டிருந்த பார்டாக் தையல் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆனால் கிழிசலைச் சுற்றி விசிறிபோலப் பரவிய இழுவைக் கோடுகள் துணியிலேயே வெளுத்துப் படிந்திருந்தன. ஜீன்ஸ் அவருக்குச் சின்னது என்றேன். "இடுப்பு சரியாத்தான் இருக்கு மாஸ்டர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை இருபது ஆண்டுகளாகக் கேட்டு அலுத்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, பிறகு சென்னையில் ஆல்டரேஷன் கடை வைத்தவன் நான். விலை உயர்ந்த ஜீன்ஸ் வாங்குவோர் மிகப் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: தையல்காரரால் எளிதாக மாற்றக்கூடிய இடுப்பை மட்டும் கவனமாகப் பார்க்கிறார்கள், எந்தத் தையல்காரராலும் தளர்த்த முடியாத சீட் (பின்புறம்), கவடு, மேல்தொடை ஆகிய மூன்றையும் பார்க்காமல் விடுகிறார்கள்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கமாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜீன்ஸின் இடுப்பு பெரிதாக இருந்தால், பின்பக்க நடுத் தையலைப் பிரித்து, பெல்ட் லூப்பை எடுத்து, பட்டியை வெட்டிச் சேர்த்து, ஒன்றரை அங்குலம் வரை, கொஞ்சம் துணிந்தால் இரண்டு அங்குலம் வரை, வெளியே தெரியாமல் பிடித்துவிடலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடுவதுபோல் நெருங்கிவிடும், அவ்வளவுதான். அதே ஜீன்ஸ் சீட்டிலும் தொடையிலும் இறுக்கமாக இருந்தால் விட்டுக்கொடுக்க உள்ளே துணியே இருக்காது. ஃபார்மல் பேன்ட்டில் தையலுக்குள் ஓர் அங்குலத் துணி மடித்து வைத்திருப்பார்கள். ஜீன்ஸில் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையலில் அடங்கியிருக்கும், வெட்டியது வெட்டியதுதான். கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தை நாங்கள் ரைஸ் என்போம். அது உங்கள் உடலுக்குக் குறைவாக இருந்தால் கடவுளே வந்து தைத்தாலும் கூட்ட முடியாது. "கொஞ்ச நாள் போட்டால் தளர்ந்துவிடும்" என்று விற்பனையாளர் சொல்வது இடுப்புப் பட்டிக்கு ஓரளவு பொருந்தும். ரைஸ் தளராது, கிழியும்.

இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது. இடுப்பில் நிற்க வேண்டிய ஜீன்ஸை நான்கு விரற்கடை கீழே இறக்கி, பெல்ட்டால் இறுக்கி நடக்கிறவர்களுக்குக் கவடு உடலோடு ஒட்டாமல் தொடைகளுக்கு நடுவே தொங்கும். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு தொடைகளும் அந்தத் தொங்கலைத் தேய்க்கும். அங்கே நான்கு தையல்கள் கூடுகின்றன, வியர்வையும் கூடுகிறது. உட்கார்ந்தால் இழுவை, நடந்தால் உராய்வு. ஆக, சின்னதாக இருந்தாலும் கிழியும், தொங்கினாலும் கிழியும்.

இந்த இடத்தின் தொல்லை ஜீன்ஸ் பிறந்தபோதே தெரிந்த ஒன்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், எளிதில் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி கேட்டதற்காக, இழுவை விழும் முனைகளில் ரிவெட் என்ற செம்புக் குமிழாணி அடித்துக் கொடுத்தார். காப்புரிமைக்குக் கட்டக் கையில் காசில்லாததால் தமக்குத் துணி அனுப்பிவந்த சான் ஃபிரான்சிஸ்கோ வணிகர் லெவி ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. தைத்தவரை மறந்துவிட்டு விற்றவரின் பெயரை மட்டும் உலகம் நினைவில் வைத்திருப்பதில் எங்கள் தொழில்காரர்களுக்குச் சிறு வருத்தம் உண்டு. சொல்ல வந்தது வேறு: அந்தக் காலத்து ஜீன்ஸில் பாக்கெட் முனைகளைப் போலவே கவட்டிலும் ஒரு ரிவெட் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகச் சிக்கனத்துக்காக அதை எடுத்தார்கள், பிறகு அது திரும்பவில்லை.

எனவே டிரையல் ரூமில் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று அழகு பார்த்துவிட்டு வெளியே வராதீர்கள். ஜீன்ஸை அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள். இருக்கையில் உட்காருங்கள், பைக்கில் ஏறுவதுபோல் ஒரு காலைத் தூக்குங்கள், முழுதாகக் குந்தி எழுங்கள். வெட்கப்பட வேண்டாம், கதவு சாத்தித்தான் இருக்கிறது. நிற்கும்போதே கவட்டிலிருந்து பூனை மீசைபோலப் பக்கவாட்டில் கோடுகள் ஓடினால் சீட் பற்றவில்லை. முன்பாக்கெட்டுகளின் வாய் காதுபோல் விரிந்தாலும் அதே பொருள்தான். மேல்தொடையில் துணியைக் கிள்ளிப் பிடித்தால் விரல்களுக்கு நடுவே ஓர் அங்குலமாவது மடிய வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்து, இடுப்பின் பின்புறத்தில் மட்டும் ஒன்றரை அங்குல இடைவெளி தெரிந்தால் தயங்காமல் வாங்குங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். லேபிளில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். 34 என்று போட்ட இரண்டு நிறுவனங்களின் ஜீன்ஸ்களை என் மேசையில் அளந்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபடுவது வாடிக்கை.

அடுத்தது துணியின் ஃபினிஷ். டெனிம் என்ற ஜீன்ஸ் துணி, நீலப் பாவும் (நெடுக்கு நூல்) வெள்ளை ஊடையும் (குறுக்கு நூல்) கொண்ட ட்வில் என்ற சாய்வரி நெசவு. பாவு நூல்களைக் கயிறுபோல் திரட்டிச் சாயத் தொட்டியில் முக்கி, காற்றில் உலரவிட்டு, மறுபடி மறுபடி முக்கி எடுப்பார்கள். அப்படியும் சாயம் நூலின் நடுவரை போகாது. மேலே நீலம், உள்ளே வெள்ளை. அதனால்தான் தேயத் தேய வெளுக்கிறது. ஆக, வெளுப்பது என்றால் தேய்வது. கடையில் வாங்கும்போதே தொடையும் முழங்காலும் வெளுத்து, பத்தாண்டு உழைத்ததுபோல் காட்சியளிக்கும் ஜீன்ஸ், நீங்கள் உடுத்துவதற்கு முன்பே தன் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டது. பியூமிஸ் கல்லோடு உருட்டியோ, பருத்தியை அரிக்கும் என்சைமில் ஊறவைத்தோ, பொட்டாசியம் பர்மாங்கனேட் தெளித்தோ, உப்புத்தாளால் தேய்த்தோ அந்தத் தோற்றத்தைக் கொண்டுவருகிறார்கள். மணலைப் பீய்ச்சியடித்து வெளுக்கவைக்கும் முறை தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்து உயிரைப் பறித்ததால் துருக்கி 2009-இல் அதைத் தடைசெய்தது. அழகுக்காக வாங்குவதானால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதிக விலை கொடுத்ததால் அதிக நாள் உழைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அடர்நீலத்தில், ஒருமுறை மட்டும் அலசியதை எடுங்கள்.

துணியின் எடையைக் கேட்டு வாங்குங்கள். 12 அவுன்ஸ் டெனிம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம். நம் ஊர் வெயிலுக்கு அது போதும். 16 அவுன்ஸ் வாங்கிவந்து சித்திரை மாதத்தில் பீரோவில் பூட்டிவைத்திருப்போரை நான் அறிவேன். லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த துணியில் அது ஒன்று, இரண்டு விழுக்காட்டோடு நிற்கட்டும். லைக்ரா கூடினால் டிரையல் ரூமில் எந்த அளவும் பொருந்துவதுபோல் தோன்றும். நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் ஏமாற்றும் பொருள் அது. சூடும் பிளீச்சும் பட்டு அந்த இழைகள் செத்துவிட்டால் முழங்கால் பைபோல் தொங்கும், அதை மீட்க வழியில்லை. கரையில் சிவப்புக் கோடு தெரியும் செல்வெட்ஜ் துணிக்குத் தனி மதிப்பு கேட்கிறார்கள். பழைய பாணி ஷட்டில் தறியில், குறைந்த அகலத்தில் நெய்தது என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் அக்கறையோடு நெய்திருப்பார்கள், ஆனால் அந்தக் கோடு கவட்டைக் காப்பாற்றாது. ("திருப்பூரில் ஜீன்ஸ் மலிவாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திருப்பூரின் பேர் பின்னலாடையால் வந்தது, டெனிம் நெசவுத்துணி.)

வாங்குமுன் ஜீன்ஸை உள்புறம் திருப்பி ஒரு நிமிடம் பாருங்கள். உள்தொடைத் தையல் மடித்து இரட்டையாகத் தைத்ததா, ஓரத்தை மட்டும் சுற்றித் தைக்கும் வெறும் ஓவர்லாக்கா? ஜிப்பின் அடியிலும் பாக்கெட் முனைகளிலும் நெருக்கமான பார்டாக் இருக்கிறதா? பாக்கெட்டின் உள்பைத் துணி கெட்டியா, சல்லடையா? சாவிக்கொத்தால் முதலில் ஓட்டையாவது அந்தப் பைதான். பெரிய விலைச்சீட்டு தொங்கும் ஜீன்ஸிலும் அதில்தான் மிச்சம்பிடிக்கிறார்கள். பிறகு ஒரு காலை மேசையில் நேராக விரித்துப் பாருங்கள். பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிக்கொண்டு வந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும்.

கால் நீளத்தைக் குறைக்க இறக்கம் வெட்டும் விஷயத்தில் என் பொறுமையை மிகவும் சோதிக்கிறார்கள். புது ஜீன்ஸைக் கடைப் பையோடு கொண்டுவந்து "உடனே வெட்டிக் கொடுங்க" என்பார்கள். முன்கூட்டியே சுருக்கி எடுத்த துணிகூட மூன்று விழுக்காடு வரை சுருங்கலாம். 32 அங்குல உள்காலில் அது ஏறத்தாழ ஓர் அங்குலம். சுருக்காத மூலத் துணியானால் பத்து விழுக்காடு வரை போகும். முதலில் துவையுங்கள், உலர்த்துங்கள், வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு வாருங்கள்.

துவைப்பது பற்றியும் இரண்டு கட்சி உண்டு. கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோவுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. சாயம் போய்க்கொண்டுதான் இருக்கும், வெள்ளைச் சட்டையோடு சேர்க்காமல் இருந்தால் போதும். மறுகட்சி, ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 15 மாதங்கள் துவைக்காமல் அணிந்த ஜீன்ஸில், 13 நாள் அணிந்ததைவிடக் கிருமிகள் பெரிதாகக் கூடவில்லை என்று 2011-இல் செய்தி வந்தது. அதை இன்றும் எனக்குப் படித்துக்காட்டுகிறார்கள். அவர்கள் எண்ணியது கிருமியை, நூலின் வலுவை அல்ல; மேலும் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் எட்மண்டன் நகரக் குளிரில் அணிந்த ஜீன்ஸும், கத்திரி வெயிலில் அண்ணா சாலை போக்குவரத்தில் பைக் இருக்கையோடு ஒட்டிய ஜீன்ஸும் ஒன்றல்ல. வியர்வை உப்பும் தூசியும் கவட்டில் சேர்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோலத்தான். ஏழெட்டு முறை அணிந்தபின், உள்புறத்தைத் திருப்பி, குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில் அலசி நிழலில் காயவிடுங்கள். பிளீச் வேண்டாம், டிரையர் வேண்டாம், தூரிகை போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

உங்களிடம் உண்மையிலேயே வேண்டிக் கேட்பது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை ஜீன்ஸின் கவட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீலம் மறைந்து குறுக்கே வெள்ளை இழைகள் மட்டும் தெரிந்தால் பாவு தேய்ந்துவிட்டது, ஊடை மட்டும் தாங்குகிறது என்று பொருள். அந்த நிலையில் கொண்டுவந்தால் உள்ளே மெல்லிய துணி வைத்து, நீல நூலால் நெருக்கமாக ஓட்டி, வெளியே தெரியாமல் இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு உழைக்கவைக்கலாம். ஓட்டை விழுந்தபின் வந்தால் ஒட்டுத்தான் போட முடியும்.

அந்த இளைஞருக்கும் ஒட்டுப் போட்டுத்தான் கொடுத்தேன். கடைக்காரருக்குக் கடிதம் எழுதித் தரவில்லை. ஆறு மாதம் தாங்கினால் அதிர்ஷ்டம் என்றும் சொல்லியனுப்பினேன், ஏனென்றால் ஒட்டுப் போட்டாலும் சீட் அதே சீட்தான். நேற்று மாலை அவர் புதிய ஜீன்ஸ் ஒன்றை விலைச்சீட்டு கழற்றாமல் எடுத்துவந்தார். போட்டுக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், குந்தினார். இடுப்பின் பின்புறம் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. "லூசா இருக்கே மாஸ்டர்" என்று தயங்கினார். துவைத்துக் காயவைத்து வியாழக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.