எடை குறைக்கும் வாரத்தில்தான் கவனம் வேண்டும்: சண்டை வீரர்களுக்கான ஊக்கமருந்து விதிகள்

எடை பார்த்து முடித்த கையோடு ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் உடம்பு தெம்பாகிவிடும் என்று குத்துச்சண்டை வீரர்களுக்கும் மல்யுத்த வீரர்களுக்கும் யாராவது ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தப் பாட்டிலில் இருப்பது உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர்தான். ஆனாலும் அது விதிமீறல். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் எதையும் நரம்பு வழியாக ஏற்றக் கூடாது என்பது விதி. முறையான மருத்துவமனை சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவற்றின்போது ஏற்றுவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. ரத்தமும் சிறுநீரும் நீர்த்துப்போனால் வேறு மருந்துகளின் தடயமும் மறைந்துவிடும், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. இழந்த நீரை வாய்வழியாகக் குடித்தே ஈடுகட்ட வேண்டும்.

எடை வகுப்பு இருக்கிற விளையாட்டில் கடைசி வாரம் எவ்வளவு கொடுமையானது என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு முன் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் வெறும் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். அதற்கும் ஊக்கமருந்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு வீரரை அந்த 100 கிராம் எந்த அளவுக்கு நெருக்கும் என்பதை நாடே அன்று பார்த்தது. அந்த நெருக்கடியில்தான் யாரோ நீட்டும் மாத்திரைக்குக் கை போகிறது. ஃபுரோஸ்மைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரைகள் போட்டி நாளில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் தடை செய்யப்பட்டவை. ரத்த அழுத்தத்துக்காக வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரையிலும் இவை இருக்கலாம்.

சரி, இந்த விதிகளை யார் நடத்துகிறார்கள்? இந்தியாவில் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, சுருக்கமாக நாடா. 2005-ல் தொடங்கிய இந்த அமைப்புக்கு 2022-ம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் சட்டபூர்வ அதிகாரம் கொடுத்தது. எது தடை, எது தடையில்லை என்ற பட்டியலை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா வெளியிடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 அன்று புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் தப்பாகலாம். வலிக்குப் பலரும் எடுத்த டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது.

தொழில்முறை சண்டைகளில் வேறு ஏற்பாடுகளும் உண்டு. உலக பாக்ஸிங் கவுன்சில் 2016 முதல் தனியாக ஒரு சோதனைத் திட்டம் நடத்துகிறது. கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனம் 2024 முதல் தன் சொந்தத் திட்டத்துக்கு மாறிவிட்டது. நீங்கள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களோ அதன் விதிகளைத் தனியாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதே நேரம் தேசியக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் கலந்துகொண்டால் நாடா விதிகளும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் உடம்பில் எது கிடைத்தாலும் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான். கோச் கொடுத்தார், டாக்டர் எழுதினார், தெரியாமல் சாப்பிட்டேன் என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம். விதிமீறலே நடக்கவில்லை என்று ஆக்கிவிடாது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவின் மாதிரியில் மெத்தாண்டினோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. உணவில் யாரோ கலந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதை ஏற்று இங்கே அவரை விடுவித்தார்கள். வாடா மேல்முறையீடு செய்தது. அவர் களமிறங்க வேண்டியதற்கு முந்தைய நாள், விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 4 ஆண்டு தடை விதித்தது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சதி நடந்தது என்று சொன்னால் போதாது, அதை நிரூபிக்கும் வேலையும் வீரர் தலையில்தான் விழும் என்பதை அந்த வழக்கு காட்டியது.

மருந்துக்கடையில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சளிக்கு வாங்கும் சில இருமல் சிரப்புகளில் டெர்புடலின் இருக்கிறது. அது எல்லா நாளும் தடை. தோள்பட்டை வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி போட்டிக் காலத்தில் தடை. ஜிம்களில் கைமாறும் மெஃபென்டர்மின் ஊசியும் பட்டியலில் இருக்கிறது. அதனால் டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக, ‘சார், நான் விளையாட்டு வீரர், எனக்கு டோப் டெஸ்ட் உண்டு’ என்று சொல்லிவிடுங்கள். நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் மருந்தின் பெயரையோ அதில் உள்ள மூலப்பொருளின் பெயரையோ போட்டுப் பார்க்கலாம். பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

புரோட்டீன் டப்பா, பிரீ-ஒர்க்கவுட் பவுடர் விஷயத்தில் செயலி உதவாது. லேபிளில் எழுதாத பொருள் உள்ளே இருக்கலாம். இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற சான்று பெற்ற தயாரிப்பு ஆபத்தைக் குறைக்கும், முழுவதும் நீக்காது. என்னைக் கேட்டால் முட்டை, பால், கொண்டைக்கடலை, மீன் போதும் என்பேன். அப்படியும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் பில்லையும் பேட்ச் எண்ணையும் டப்பாவில் கொஞ்சம் பொடியையும் பத்திரப்படுத்துங்கள். கலப்படம்தான் காரணம் என்று நிரூபித்தால் தண்டனை எச்சரிக்கையோடு முடியவும் வழி இருக்கிறது.

நிஜமாகவே நோய் இருந்தால் பயப்பட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவரும் விளையாடலாம். அதற்குச் சிகிச்சை விலக்கு என்ற அனுமதி வாங்க வேண்டும். மருத்துவ அறிக்கைகளோடு போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். சர்வதேச அளவில் ஆடுபவர்கள் தங்கள் சர்வதேசக் கூட்டமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவசர சிகிச்சை என்றால் பிறகும் கேட்கலாம்.

முன்னணி வீரர்களை நாடா ஒரு பதிவுப் பட்டியலில் சேர்க்கும். அதில் பெயர் வந்தால் ஒவ்வொரு காலாண்டுக்கும் எங்கே தங்குகிறீர்கள், எங்கே பயிற்சி செய்கிறீர்கள் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். அதோடு தினமும் காலை 5 முதல் இரவு 11-க்குள் ஏதாவது 60 நிமிடத்தைக் குறித்து, அந்த நேரத்தில் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். 12 மாதத்தில் 3 முறை தவறினால், மருந்தே எடுக்காவிட்டாலும் 2 ஆண்டு வரை தடை வரும். திடீரென்று ஊருக்குப் போனீர்களா? பேருந்து ஏறும் முன் போனில் மாற்றிவிடுங்கள். கோச்சோ அண்ணனோ உங்களுக்காகப் பதிந்தாலும் தவறு உங்கள் கணக்கில்தான்.

சோதனை நாளில் உங்களுக்கு உரிமைகளும் உண்டு. அதிகாரியின் அடையாள அட்டையைக் கேட்கலாம். உடன் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், மாதிரியை அடைக்கும் பெட்டியை நீங்களே தேர்ந்தெடுத்து சீலைச் சரிபார்க்கலாம். கடந்த 7 நாளில் எடுத்த மருந்துகளைப் படிவத்தில் எழுதுங்கள். எடை குறைத்த உடம்பில் 90 மில்லி சிறுநீர் வருவது லேசில்லை. அதற்காகத் தண்ணீரை மடமடவென்று குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் மறுபடியும் கொடுக்கச் சொல்வார்கள். மெதுவாக, சீல் உடையாத பாட்டிலில் மட்டும் குடியுங்கள்.

நடைமுறையில் குறை தெரிந்தாலும் மாதிரியைக் கொடுத்துவிட்டு, குறையைப் படிவத்தில் எழுதுங்கள். மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா 2024 மார்ச்சில் மாதிரி தரவில்லை. காலாவதியான சோதனைக் கருவிகள் பற்றி முன்பு எழுப்பிய புகாருக்குப் பதில் வரவில்லை என்பது அவருடைய வாதம். அந்த நவம்பரில் நாடாவின் ஒழுங்கு விசாரணைக் குழு அவருக்கு 4 ஆண்டு தடை விதித்தது.

கொடுத்த மாதிரியை ‘ஏ’, ‘பி’ என்று இரண்டாகப் பிரித்து வைப்பார்கள்; ‘ஏ’-யின் முடிவு பாதகமாக வந்தால் ‘பி’ மாதிரியைத் திறக்கச் சொல்லும் உரிமை உண்டு, திறக்கும்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ இருக்கலாம். 4 ஆண்டு தடை வரக்கூடிய குற்றச்சாட்டில், அறிவிப்பு வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓர் ஆண்டு குறையும். எனவே கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.